நிறம் தனித்துப் பேசுவதில்லை: தமிழகச் சுவரோவியங்களில் வண்ணமும் பொருளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஓவியத்தில் நிறம் பொருள் தருகிறது என்பதில் ஐயம் கொள்வோர் இலர். அப்பொருள் எங்கிருந்து பிறக்கிறது என்னும் கேள்விக்குத்தான் விடைகள் வேறுபடுகின்றன. சிவப்பு சினத்தையும் வெண்மை தூய்மையையும் கருமை அச்சத்தையும் குறிக்கும் என்று பட்டியலிட்டு, அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியங்களைப் படிக்க முற்படுவது எளிய வழி. அவ்வழியில் சென்றால், ஒரே காவி நிறம் ஓரிடத்தில் மனித உடலாகவும், இன்னோரிடத்தில் உருவத்தைச் சூழும் கோடாகவும், வேறோரிடத்தில் கதை முழுவதையும் தாங்கும் பின்னணியாகவும் வருவதற்கு விளக்கம் கிடைப்பதில்லை. நிறத்தின் பொருள் நிறத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதன்று. பக்கத்திலுள்ள நிறம், அதை வரையறுக்கும் கோடு, அது பூசப்பட்ட பரப்பு, அதன் மேல் விழும் ஒளி, அதைக் காண்பவர் நிற்கும் இடம் ஆகியவற்றோடு அது கொள்ளும் உறவிலேயே பொருள் உருவாகிறது. இக்கருத்தைத் தமிழகத்தின் சுவரோவியங்கள் சிலவற்றைக் கொண்டு நிறுவுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

நிறங்களின் பட்டியலும் அதன் எல்லையும்

இந்தியக் கலைமரபில் நிறத்துக்குப் பொருள் வகுத்த பட்டியல்கள் இல்லாமல் இல்லை. பரதரின் நாட்டிய சாத்திரம் எட்டுச் சுவைகளுக்கும் எட்டு நிறங்களைக் கூறுகிறது: உவகைச் சுவைக்குச் சியாமம் எனப்படும் கருநிறம், நகைக்கு வெண்மை, அவலத்துக்குப் புறாவின் சாம்பல் நிறம், வெகுளிக்குச் சிவப்பு, வீரத்துக்குப் பொன்னிறம் கலந்த வெளிர்மை, அச்சத்துக்குக் கருமை, இழிவரலுக்கு நீலம், வியப்புக்கு மஞ்சள். கடவுளரின் மேனிக்கும் இவ்வாறே மரபு உண்டு. சிவன் செம்மேனியன், திருமால் கார்மேனியன், பலராமன் வெண்மேனியன் என்பதைப் பழந்தமிழ் இலக்கியமும் நன்கறியும்.

ஆயினும் பட்டியலிலிருந்து சுவருக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. திருமாலின் கருமை ஓவியங்களில் எப்போதும் கருமையாக வருவதில்லை. நீலமாக வருகிறது, பச்சையாகவும் வருகிறது. இராமனைப் பச்சை மேனியனாகத் தீட்டிய ஓவியங்களைக் கண்ட அடியவர் எவரும் அவனை அடையாளம் காணத் தடுமாறியதில்லை. கருமை, நீலம், பச்சை ஆகிய மூன்றும் சூழ்ந்துள்ள வெளிர்மேனிகளிலிருந்து அவனைப் பிரித்துக் காட்டுகின்றன என்பதே அங்கே முதன்மையான செய்தி. அடையாளத்தை உண்டாக்குவது குறிப்பிட்ட ஒரு நிறம் என்பதைவிட, நிறங்களுக்கிடையேயுள்ள வேறுபாடு என்பதே பொருந்தும்.

கேரளத்தின் கதகளி ஒப்பனை இதனை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. உயர்ந்தோராகிய நாயகர் முகத்தில் பூசும் பச்சையே 'பச்சை' என்னும் வேடத்துக்குப் பெயராயிற்று. இராவணன், துரியோதனன் போன்றோருக்குரிய 'கத்தி' வேடத்திலும் அடிநிறம் அதே பச்சைதான். ஆனால் மூக்கின் இருமருங்கிலும் மேல்நோக்கி வளையும் சிவப்புத் தீற்றல், அதற்கு வெண்கரை, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெண்ணிறக் குமிழ் ஆகியவை கூடியதும் பொருள் தலைகீழாகிறது. பிறப்பாலும் ஆற்றலாலும் உயர்ந்தவன், செயலால் வழி தவறியவன் என்ற இரட்டைத் தன்மையை, பச்சையை நீக்காமல் அதன்மேல் சிவப்பை ஏற்றியதாலேயே அவ்வொப்பனை சொல்லிவிடுகிறது.

நிறங்களின் இவ்வுறவை அறிவியல் நோக்கில் ஆராய்ந்தவர்களுள் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் முதன்மையானவர். பாரிசிலுள்ள கோப்லின் நெசவுச்சாலையில் சாயப் பகுதியின் பொறுப்பாளராக இருந்த அவரிடம், கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்ற முறையீடு வந்தது. நூலைச் சோதித்தபோது சாயத்தில் குறையேதும் இல்லை. அந்நூலை அடுத்து நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை மங்கச் செய்தன என்பது தெளிவாயிற்று. அடுத்தடுத்து வைத்த இரு நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றுகின்றன என்னும் இவ்விதியை அவர் 1839-இல் நூலாக வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியும் நிறமே அண்டை நிறத்தால் மாறுமெனில், அதன் பொருள் மட்டும் மாறாமல் நிற்குமென எதிர்பார்க்க இயலாது.

சுண்ணாம்பு விதித்த வரம்பு

தமிழக ஓவியர் எந்தெந்த நிறங்களைக் கையாண்டனர் என்பதை அவர்தம் விருப்பம் மட்டும் முடிவு செய்யவில்லை. சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்தே முடிவு செய்தது. கருங்கற் சுவரின்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சிட்டு, அப்பூச்சு உலர்வதற்கு முன்னரே நீரில் குழைத்த நிறத்தைத் தீட்டுவது ஃப்ரெஸ்கோ எனப்படும் ஈரச்சுவர் முறை. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மீண்டும் கல்லாக இறுகும்போது நிறத்துகள்களும் அதனுள் சிறைப்பட்டு நிலைபெறுகின்றன. பசை எதுவும் வேண்டுவதில்லை. பூச்சு உலர்ந்த பிறகு சுண்ணாம்பு நீர் அல்லது பசை கலந்து தீட்டுவது உலர்சுவர் முறை.

இரு முறைகளிலும் சுண்ணாம்பின் காரத்தன்மையைத் தாங்காத நிறம் நிலைப்பதில்லை. தாவரங்களிலிருந்து எடுக்கும் சாயங்களில் பல அதனால் வெளுத்தோ திரிந்தோ போகின்றன. மண்ணிலும் கல்லிலும் கிடைக்கும் செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண், விளக்குக்கரி, சுண்ணாம்பின் வெண்மை ஆகியவை நிலைக்கின்றன. நீலக்கல்லை அரைத்துப் பெறும் நீலமும் நிலைக்கக்கூடியதே. ஆனால் அது ஆப்கானிய மலைகளிலிருந்து வரவேண்டிய அரும்பொருள். அசந்தாவில் அது பயன்பட்டிருப்பது ஆய்வால் உறுதியாகியுள்ளது.

விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறங்களே கைக்குள் இருக்கும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறம் என்று ஒதுக்க ஓவியருக்கு வழியில்லை. ஒரே காவியைப் பல வேலைகளுக்கு ஏவ வேண்டியிருந்தது. ஏவும் முறையில்தான் கலை இருந்தது. நிறமின்றிக் கோட்டால் மட்டும் வரைந்த உருவத்தைப் பழந்தமிழர் புனையா ஓவியம் என்றனர். கோடு முதலில், வண்ணம் பிறகு என்ற இரு நிலைகள் அன்றே தெளிவாக இருந்தன என்பதற்கு அக்கலைச்சொல் சான்று. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி, ஓவியத்தில் ஆசான்கள் கோட்டையும், நுண்ணுணர்வுடையோர் ஒளிநிழலையும், பெண்டிர் அணிகலனையும், ஏனையோர் வண்ணச் செறிவையும் பாராட்டுவர் என்ற கருத்தைக் கூறுகிறது. பெண்டிரைப் பற்றிய அதன் கணிப்பை இன்று ஏற்பதற்கில்லை எனினும், வண்ணத்தை மட்டும் கண்டு மயங்குவது ஓவியம் பார்த்தலின் தொடக்கநிலை என்று அந்நூல் கருதியது கவனத்துக்குரியது.

சித்தன்னவாசல்: தலைக்குமேல் ஒரு குளம்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் மலையைக் குடைந்து அமைத்த சமணக் கோயில் அறிவர் கோயில் எனப்படுகிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்று முதலில் கருதப்பட்ட அதன் ஓவியங்கள், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டு படிக்கப்பட்ட பிறகு, அப்பணியோடு இணைத்துப் பேசப்படுகின்றன.

அர்த்த மண்டபத்தின் விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்பரப்பில், ஒரு தாமரைக் குளம் விரிந்துள்ளது. தீர்த்தங்கரரின் அறவுரையைக் கேட்கச் செல்லும் பவ்வியர், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுடையோர், வழியிலுள்ள குளத்தில் இறங்கிப் பூக்கொய்யும் காட்சி இது என்பது அறிஞர் கொள்கை. அறவுரை நிகழும் சமவசரணம் என்னும் அவையைச் சூழ்ந்த நிலங்களுள் காதிகா பூமி என்னும் நீர்நிலப் பகுதியை இது குறிக்கும். மீன்கள், நீர்ப்பறவைகள், எருமைகள், யானைகள் ஆகியவற்றுக்கு நடுவே ஆடவர் மலரேந்தி நிற்கின்றனர்.

இவ்வோவியத்தை அருகிருந்து நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, குளத்தைக் குளமென்று காட்டுவது நீரின் நிறமன்று. பரப்பை நிறைத்துப் பச்சை இலைகள் நெருங்கிக் கிடக்கின்றன; சில தட்டையாக விரிந்துள்ளன, சில ஓரம் மடிந்து நரம்போடிய அடிப்புறத்தைக் காட்டுகின்றன. இலைகளின் பச்சை ஒரே அடர்த்தியில் தீட்டப்பட்டிராமையால் ஒன்றன்மேல் ஒன்று படிந்த அடுக்கு தெரிகிறது. அவ்வடுக்குகளின் இடையே நீந்தும் மீனைக் கண்டதும் பார்ப்பவர் மனம் நீரைத் தானே நிரப்பிக்கொள்கிறது. வெளிறிய இதழ்களைப் பூவாக்குவது அவற்றின் விளிம்பில் ஓடும் செங்கோடு. அக்கோட்டை அகற்றினால் எஞ்சுவது சுண்ணாம்புத் திட்டு மட்டுமே.

இரண்டாவது, மனித மேனி. பூக்கொய்வோருள் ஒருவர் மேனி செம்மை படிந்தும் மற்றொருவர் மேனி மஞ்சள் சாயலிலும் தீட்டப்பட்டுள்ளன. இவற்றுக்குக் குறியீட்டுப் பொருள் தேடுவதைவிட, பச்சை நிறைந்த பரப்பில் செம்மையும் மஞ்சளும் செய்யும் வேலையைக் காண்பது பயன் தரும். மிகுதியான பச்சைக்கு நடுவே இச்சூடான நிறங்கள் எழுந்து நிற்பதால், உருவங்களைச் சுற்றி வெற்றிடம் விடாமலே மனிதரை இலைக்கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட ஓவியரால் முடிந்தது. காட்சியின் தலைமை அவர்களுக்கு உருவ அளவால் வந்ததன்று, நிற வேறுபாட்டால் வந்தது.

இவ்வோவியம் விதானத்தில் இருப்பதும் பொருளோடு சேர்ந்ததே. குளத்தை மேலிருந்து பார்ப்பதுபோலவும் மனிதரையும் விலங்குகளையும் பக்கவாட்டில் பார்ப்பதுபோலவும் ஒரே பரப்பில் வரைந்துள்ளமையால், அண்ணாந்து நோக்குபவருக்கு நிலையான ஒரு 'கீழ்ப்புறம்' கிடைப்பதில்லை. தரையில் இருக்க வேண்டிய நீர் தலைக்குமேல் இருக்கிறது. உலகியல் குளமன்று, அறவுரைக்குச் செல்வோர் கடக்கும் குளம் என்பதை அந்த இட மாற்றமே உணர்த்துகிறது. வண்ணம், கோடு, இடம் ஆகிய மூன்றில் எதையும் பிரித்துவிட்டு இவ்வோவியத்தின் பொருளைக் கூற முடியாது.

தஞ்சை: வலம்வருவோர் காணும் சுவர்

முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த இரு சுவர்களுக்கிடையே ஒடுங்கிய சுற்றுப்பாதை ஒன்று உள்ளது. சாந்தார நாழி எனப்படும் அப்பாதையில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அப்பூச்சையும் நிறங்களையும் ஆய்ந்து, சோழர் கால ஓவியங்கள் ஈரச்சுவர் முறையில் தீட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார்.

ஈரச்சுவர் முறைக்கு ஒரு கண்டிப்பு உண்டு: பூச்சு ஈரமாயிருக்கும் சில மணி நேரத்துக்குள் தீட்டி முடித்தாக வேண்டும், பிழை நேர்ந்தால் பூச்சையே பெயர்த்தெடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். தயக்கமற்ற நீண்ட கோடு சோழர் ஓவியத்தின் அடையாளமானதற்குக் கையின் பயிற்சியோடு இந்தக் காலக் கெடுவும் காரணம் எனலாம். நிறம் அடங்கி நிற்க, புருவத்தின் வளைவு, தோளின் சாய்வு, விரலின் மடிப்பு ஆகியவற்றில் உணர்ச்சி ஓடுகிறது.

தென்புறச் சுவரில் ஆலமர்ச் செல்வராகிய தட்சிணாமூர்த்தி. மேற்கே சுந்தரர் வரலாறும், தில்லைக் கூத்தனை அரசகுடும்பத்தார் வழிபடும் காட்சியும். வடபுறச் சுவரில் திரிபுரம் எரித்த பெருமானின் பேருருவம். வலம்வரும் முறையில் நடப்பவர் அமைதியான ஆசானிடமிருந்து தொடங்கி, அடியவரின் வரலாற்றைக் கடந்து, போர்க்கோலத்துக்கு வந்து சேர்கிறார். பாதை ஒடுங்கியதாதலால் பின்வாங்கி நின்று முழுச் சுவரையும் ஒரே பார்வையில் அளக்க இடமில்லை. காட்சி பகுதி பகுதியாகவே கண்ணில் படும். இவ்வோவியங்களின் அமைப்பு அந்த நடையைக் கணக்கிட்டே வகுக்கப்பட்டதுபோல் அமைந்திருக்கிறது.

சுந்தரர் வரலாற்றில் நிறம் ஒன்று மிகச் சிக்கனமாகப் பெரும்பணி ஆற்றுகிறது. திருமண நாளில் ஓலையோடு வந்து வழக்காடும் முதியவர், வழக்கைக் கேட்கும் அவையோர், திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலுக்குள் அம்முதியவர் மறைதல் என நிலவுலகில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை நோக்கிச் செல்கின்றனர். அந்த யானையின் வெண்மை சுண்ணாம்பின் வெண்மை. சித்தன்னவாசலில் பூவிதழுக்கு உதவிய அதே சுண்ணாம்பு. ஆனால் காவியும் பச்சையும் கருமையும் கலந்த அடங்கிய சுவரில் அவ்வளவு பெரிய வெண்பரப்பு எழும்போது அது இவ்வுலகத்ததன்று என்பது சொல்லாமலே விளங்குகிறது. வெண்மைக்குத் தேவலோகப் பொருளைத் தந்தது அதைச் சூழ்ந்துள்ள மண்ணிறங்களே.

திரிபுரம் எரித்த காட்சியில் இன்னொரு நுட்பம் உண்டு. பிரமன் செலுத்தும் தேரில், ஒரு கால் மடித்து மறுகால் நீட்டி, பல கைகளில் படைக்கலம் ஏந்தி, வில்லோடு சிவபெருமான் நிற்கிறார். எதிரே அசுரர் திரண்டு நிற்க, அவர்தம் மகளிர் கலங்கிய முகத்தோடு கணவரைப் பற்றிக்கொண்டுள்ளனர். வெகுளிக்குச் சிவப்பு என்ற பட்டியலை நம்பி இக்காட்சியைச் செம்மையில் தோய்த்திருந்தால் கிடைத்திருப்பது ஒரே சுவை. ஓவியர் செய்தது வேறு: இறைவனின் திரண்ட உடல் நேர்க்கோட்டின் உறுதியைக் கொள்ள, அசுரரின் உருவங்கள் நெருக்கமாக மோதிக் குழம்ப, மகளிரின் உடல்கள் மட்டும் மென்வளைவுகளாகத் தளர்ந்து சாய்கின்றன. வீரம், வெகுளி, அச்சம், அவலம் ஆகிய நான்கு சுவைகளும் ஒரே சுவரில் ஒன்றையொன்று தாங்கி நிற்பது கோட்டின் இவ்வேறுபாட்டால் இயன்றது. வெற்றியைப் பாடும் ஓவியத்துக்குள் தோற்றவரின் வீட்டு அழுகையையும் சேர்த்துத் தீட்டிய அந்தக் கை, நிறத்தைக் குறைத்துக் கோட்டைப் பெருக்கியது பொருளறிந்தே செய்த தேர்வு.

இல்லங்களில் உவகை, நகை, அமைதி ஆகிய சுவைகளை மட்டுமே தீட்டலாம்; அரசவையிலும் கோயிலிலும் எல்லாச் சுவைகளையும் தீட்டலாம் என்ற விதி சித்திரசூத்திரத்தில் காணப்படுகிறது. தஞ்சைச் சுவர் அவ்விதியின் இரண்டாம் பகுதிக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது: அழுகை இடம்பெறத்தக்க இடம் அது.

திருவாரூர்: காவி பின்னணியாகும்போது

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கடந்து திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரியன் மண்டபத்துக்கு வரும்போது காவியின் வேலை மாறிவிடுகிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தீட்டப்பட்ட அம்மண்டபத்து விதான ஓவியங்கள் முசுகுந்தச் சோழனின் கதையைச் சொல்கின்றன. முற்பிறப்பில் குரங்காயிருந்து சிவராத்திரி இரவில் அறியாமலே வில்வ இலைகளைச் சிவன்மேல் உதிர்த்தமையால், குரங்கு முகத்தோடு சோழ மன்னனாகப் பிறந்தவன் முசுகுந்தன். இந்திரனுக்குப் போரில் துணைநின்று, அதற்குக் கைம்மாறாகத் தியாகராசர் திருமேனியைக் கேட்க, கொடுக்க மனமில்லாத இந்திரன் அதைப் போலவே வேறு ஆறு திருமேனிகளைச் செய்வித்து முன்வைக்க, மெய்யான திருமேனியை முசுகுந்தன் கண்டுகொள்ள, ஏழும் அவனுக்கே வழங்கப்பட்டன என்பது தலவரலாறு. சோழநாட்டின் சப்தவிடங்கத் தலங்கள் இக்கதையோடு இணைந்தவை.

இங்கே சிவப்பு உருவங்களுக்குப் பின்னால் போய்விட்டது. செங்காவிப் பரப்பின்மேல் வெளிர்நிற மேனிகள், கோலமிட்ட ஆடைகள், குடைகள், கொடிகள், இசைக்கருவிகள், வாணவேடிக்கைகள் ஆகியவை நெருங்கி அணிவகுக்கின்றன. சித்தன்னவாசலில் இதழின் விளிம்பாக ஓடிய அதே மண்நிறம் இங்கே வெளியாகவும் வானாகவும் அரண்மனையாகவும் தெருவாகவும் இருக்கிறது. எந்த இடத்தையும் அது குறிப்பிட்டுக் காட்டாததால் எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது. கயிலையிலிருந்து அமராவதிக்கும் அங்கிருந்து ஆரூருக்கும் கதை தாவும்போது பின்னணி மாறாமையால் கதையின் ஓட்டம் அறுபடுவதில்லை.

கதை நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒரே பட்டையில் அதே மன்னன் அடுத்தடுத்து மீண்டும் மீண்டும் வருகிறான். குரங்கு முகம் இருப்பதால் கூட்டத்தில் அவனைத் தவறவிட இயலாது. தொடர்கதை ஓவியம் எனத்தக்க இம்முறையில் காலம் இடமாக மாறுகிறது: கண் நகர நகர நாள் நகர்கிறது. தஞ்சையில் நடப்பவரின் காலடி செய்த வேலையை இங்கே கண்ணும் கழுத்தும் செய்கின்றன. ஓவியர் சிங்காதனத்தின் பெயரும் அங்கேயே எழுதப்பட்டிருப்பது, தீட்டியவர் பெயர் தெரியாத நெடுமரபில் அரியதொரு சான்று.

சோழர் ஓவியத்தின் கோட்டோடு ஒப்பிட்டு, நாயக்கர் கால ஓவியம் உணர்ச்சியில் குன்றியது என்று கூறும் வழக்கம் கலைவரலாற்றில் உண்டு. அவ்வொப்பீடு இரு வேறு வேலைகளை ஒரே அளவுகோலால் அளக்கிறது. தஞ்சைச் சுவர் ஒரு கணத்தின் அழுத்தத்தைக் காட்ட முயன்றது. ஆரூர் விதானம் திருவிழாக் கூட்டத்துக்கு ஒரு நெடுங்கதையைச் சொல்ல முயன்றது. தட்டையான செம்பரப்பு, தெளிவான புறக்கோடு, ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் உருவம் ஆகியவை கீழே நின்று அண்ணாந்து படிப்போர்க்கு எழுத்துவரிகளின் தெளிவைத் தருகின்றன. பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் வரைந்திருந்த உருவங்களைச் சுட்டி, இவர் யார், அவர் யார் என மக்கள் கேட்டும் விளக்கியும் மகிழ்ந்ததைப் பரிபாடல் காட்டுகிறது. கூடிநின்று கேட்டறியும் அந்தப் பார்வை மரபின் பிற்கால வடிவம் ஆரூரில் உள்ளது.

பொன்னும் விளக்கொளியும்

சுவரை விட்டுப் பலகைக்கு வந்தால், மராத்தியர் ஆட்சிக் காலத்தில் தழைத்த தஞ்சாவூர்ப் பலகைப்படம் மற்றொரு காட்சிக் கூற்றை முன்வைக்கிறது. மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் அணிகலன்களையும் மண்டப வளைவுகளையும் மேடாக எழுப்பி, அவற்றின்மேல் பொன் தகட்டை ஒட்டிக் கண்ணாடிக் கற்களைப் பதிப்பது அதன் செய்முறை. பொன் பிற நிறங்களைப் போல ஒரே தோற்றத்தில் நிற்பதில்லை. ஒளியின் திசைக்கேற்ப ஒளிர்ந்தும் இருண்டும் மாறுகிறது. இருண்ட பூசையறையில் எண்ணெய் விளக்கின் சுடர் அசையும்போது மேடான பொற்பரப்பும் அசைந்து ஒளிர, மேடின்றித் தட்டையாகத் தீட்டிய தெய்வத்தின் முகம் மட்டும் நிலையாக இருக்கும். அலையும் ஒளிக்கு நடுவே அலையாத முகம் என்பதே அப்படத்தின் பொருள். அதே படத்தை மின்விளக்கு பரவிய வரவேற்பறையில் மாட்டினால் பொன் செல்வத்தின் அடையாளமாகச் சுருங்கிவிடுகிறது.

நிறம் விலகியபோது

நிறம் உறவால் பொருள் பெறுகிறது என்ற கருத்தை எதிர்முனையிலிருந்து சோதிக்க, நிறத்தைத் துறந்த ஓவியர் ஒருவரைக் காணலாம். சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலம் (1938–2008), காந்தி நூற்றாண்டாகிய 1969-ஐ ஒட்டிக் காந்தியைக் கறுப்புக் கோடுகளால் வரிசையாக வரைந்தார். தமிழ்ச் சிற்றிதழ்களும் நூல் அட்டைகளும், இதழில் தொடராக வந்த கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யும் அவரது கோட்டோவியங்களை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசென்றன. அங்கே கறுப்பு துயரத்தையோ அச்சத்தையோ குறிக்கவில்லை. கோடு அடர்ந்த இடத்தில் முதுமையும் உழைப்பும், கோடு விலகித் தாள் தெரியும் இடத்தில் ஒளியும் பிறந்தன. வெறுந்தாளின் வெண்மை கறுப்பின் அண்டை நிறமாகிவிட்டது.

பிற்காலத்தில் அவரே கோட்டையும் உருவத்தையும் விட்டு விலகி, எண்ணெய் வண்ணப் பரப்புகளால் மட்டும் அமைந்த அருவ ஓவியங்களுக்குச் சென்றார். கதையில்லை, கடவுளில்லை, பெயர்சொல்லும் விளக்கமில்லை; ஒரு நிறத்தின் விளிம்பில் இன்னொரு நிறம் வந்து முட்டும் இடமே காட்சி. இவ்வகை ஓவியத்தைக் கண்டு 'இதன் பொருள் என்ன' என்று திகைப்போர், பழைய சுவரோவியங்களில் பொருளைக் கதை மட்டுமே தந்தது என்று நம்புவோராகவே இருப்பர். கதை உள்ள ஓவியத்திலும் நிறங்களின் உறவு இதே வேலையைச் செய்தே வந்தது. கதை முன்னே நின்றதால் அது கண்ணில் படவில்லை.

பாதுகாப்புக்கு ஒரு நெறி

இதுவரை கூறியவை சரியெனில், ஓவியப் பாதுகாப்பு குறித்தும் அவற்றிலிருந்து ஒரு முடிவு பெறப்படும். தஞ்சையில் சோழர் ஓவியத்தை மறைத்திருந்த நாயக்கர் ஓவியங்களை அழிக்காமல், தொல்லியல் துறை வேதியியலாளர்கள் அவற்றைப் பிரித்தெடுத்துப் பலகைகளில் பொருத்திப் பாதுகாத்தது போற்றத்தக்க அருஞ்செயல். ஆயினும் சுவரிலிருந்து பெயர்க்கப்பட்ட ஓவியம் தன் இடத்தையும் தன்னைக் காண்பவரின் நடையையும் இழந்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மங்கிய ஓவியங்களின்மேல் பளபளக்கும் செயற்கை வண்ணத்தை ஏற்றிப் 'புதுப்பிக்கும்' வழக்கமோ இதைவிடக் கேடானது. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பையே பூசினாலும், காவியின் அடக்கத்தோடு பக்கத்துப் பச்சை கொண்டிருந்த உறவு முறிந்துவிடுகிறது. உருவம் எஞ்சலாம், பொருள் எஞ்சாது.

ஆகவே சுவரோவியத்தை ஆவணப்படுத்துவோர் உருவங்களின் நிழற்படத்தோடு நிறைவடைதல் போதாது. ஓவியம் எந்தத் திசையை நோக்கியுள்ளது, எவ்வளவு உயரத்தில் உள்ளது, எந்த நேரத்து ஒளி அதன்மேல் விழுகிறது, காண்பவர் எந்தப் பக்கமிருந்து வந்து எவ்வளவு தொலைவில் நிற்க முடிகிறது, எந்த நிறத்தை அடுத்து எந்த நிறம் உள்ளது, பூச்சு எம்முறையது என்பனவும் பதிவாக வேண்டும். நுண்கலைக் கல்லூரிகளிலும் வரலாற்றுத் துறைகளிலும் ஓவியத்தைப் பாடமாகக் கற்பிப்போர், நிறங்களின் குறியீட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதற்கு முன்னர், மாணவரை ஒரு சுவரின் முன் நிறுத்தி, ஒரே காவி அங்கே எத்தனை வேலைகள் செய்கிறது என்று எண்ணச் செய்தல் நலம். அந்தக் கணக்கைச் சரியாக எழுதத் தெரிந்த மாணவருக்கு, சித்தன்னவாசல் விதானமும் ஆதிமூலத்தின் அருவப் பரப்பும் இரு வேறு உலகங்களாகத் தோன்றுவதற்கு இடமில்லை.